அப்பாவின் கல்லும் அரைஞாண் கயிறும்

1

ஜெர்மனியில் நான் இருக்கும் டோர்ட்மண்ட் ஊர் ஆஸ்பத்திரியில் போன மாதம் என்னை ஆப்பரேஷனுக்கு அழைத்துப் போனார்கள். அழைத்தது என்னவோ என் அப்பாவின் பெயரைச் சொல்லித்தான். "ஹெர் முனுசாமி" என்று, அதாவது மிஸ்டர் முனுசாமி என்று, நர்ஸ் கதவைத் திறந்து கூப்பிட்டாள். முப்பது வருடத்துக்கு மேல் இங்கே இருந்தும், திடீரென்று அந்தப் பெயர் காதில் விழுந்தால் ஒரு நொடி திரும்பிப் பார்க்கத் தோன்றுகிறது, அப்பா எங்கேயாவது பின்னால் நின்றுகொண்டிருக்கிறாரா என்று.

எல்லாம் வந்த புதிதில் நடந்த கூத்து. என் பாஸ்போர்ட்டில் ஏழுமலை என்று ஒரே பெயர். குடியேற்ற அலுவலகத்து அம்மாளுக்கு அது போதவில்லை, குடும்பப் பெயர் வேண்டும் என்றாள். எங்களுக்கு அப்படி ஒன்று கிடையாது என்று எனக்குத் தெரிந்த அரைகுறை ஜெர்மனில் சொன்னேன். குடும்பமே இல்லாதவன் என்று அவள் புரிந்துகொண்டு கொஞ்சம் வருத்தப்பட்டாள். கடைசியில் அப்பா பெயரை அந்தக் கட்டத்தில் எழுதினோம். இன்று வரைக்கும் மின்சாரக் கட்டணம், வீட்டு வாடகை, பல் டாக்டர் எல்லாம் அப்பா பெயரில்தான். என் மனைவியும் முனுசாமி, மகளும் முனுசாமி. திண்டிவனத்தை அடுத்த பிரம்மதேசத்துப் பக்கத்தில் மல்லாட்டை என்கிற வேர்க்கடலை போட்டுக்கொண்டிருந்த மனிதருக்கு ஐரோப்பாவில் இத்தனை மரியாதை.

எனக்கு வந்திருந்தது சிறுநீர்க் குழாயில் கல். சிறுநீரகத்திலிருந்து பைக்கு இறங்குகிற குழாயின் அடிப்பகுதியில், இடது பக்கம் சிக்கியிருந்தது. அப்பாவுக்கும் இதே பக்கம், ஏறக்குறைய இதே இடம். சொத்தாக நிலத்தைக் கொடுத்தாரோ இல்லையோ, இதைக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார்.

மனைவி லண்டனில் தங்கை வீட்டுக்குப் போயிருந்ததால் மகள் யாழினி வேறு ஊரிலிருந்து ரயிலேறி வந்தாள். ஒப்புதல் தாள்களை எனக்குப் பதிலாக அவளே படித்தாள். அவசரத்தில் என்னிடம் ஜெர்மனில் பேசுகிறாள், நிதானமாக இருந்தால்தான் தமிழ் வருகிறது. "பா, இது ஆப்பரேஷனே இல்ல. கேமரா உள்ள விட்டு லேசர்ல ஒடைப்பாங்க. சாயந்தரம் வீட்டுக்குப் போலாம்," என்றாள்.

உடம்பில் உலோகம் ஏதாவது உண்டா என்று ஒரு கேள்வி இருந்தது. இடுப்பில் வெள்ளி அரைஞாண் கொடி போட்டிருந்தேன். கழற்ற வேண்டும் என்றாள் நர்ஸ். சரி என்று கொக்கியை விடுவித்துக் கைக்கடிகாரத்தோடு சேர்த்துப் பெட்டியில் போட்டேன். ஒரு நிமிட வேலை. அதையே அப்பாவிடம் சொன்னபோது விழுப்புரத்தில் என்ன நடந்தது என்பதுதான் படுக்கையைத் தள்ளிக்கொண்டு போகும்போது என் மனம் முழுக்க ஓடியது.

2

எண்பதுகளின் நடுவில் ஒரு வெயில் காலம். நான் ஐடிஐ முடித்துவிட்டு வேலைக்கு மனுப் போட்டுக்கொண்டு வீட்டில் இருந்தேன். அப்பா கேப்பைக் கொல்லையிலிருந்து இடுப்பைப் பிடித்துக்கொண்டு வந்தார். விலாவில் பிடித்த வலி அடிவயிற்றுக்கு இறங்கி, தொடை இடுக்கு வரைக்கும் ஓடியது. வலி வந்தால் உட்கார முடியாது, படுக்க முடியாது, வீட்டுக்குள்ளேயே நடந்துகொண்டிருப்பார். வாந்தி எடுப்பார். அது அடங்கிய பிறகு ஒன்றும் நடக்காத மாதிரி மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விடுவார்.

ஊரில் எல்லோரும் டாக்டர்தானே. வாழைத்தண்டுச் சாறு என்றார்கள், நெருஞ்சி முள் கஷாயம் என்றார்கள். எல்லாம் குடித்தார். அவர் பங்குக்குப் பக்கத்து ஊரில் மந்திரிக்கிற ஒருவரிடம் போய் வெள்ளித் தாயத்து ஒன்று வாங்கி, இடுப்பில் எப்போதும் இருக்கிற கறுப்பு அரைஞாண் கயிற்றில் கோத்துக்கொண்டு வந்தார். சின்னக் குழல், இரண்டு முனையும் மூடியிருக்கும்.

வலி விடவில்லை. திண்டிவனத்துக்கு அழைத்துப் போய் எக்ஸ்ரே எடுத்தோம். படத்தில் இடது பக்கம், இடுப்பெலும்புக்கு மேலாக, பளிச்சென்று வெள்ளையாக ஒன்று தெரிந்தது. பார்த்த டாக்டர், கல் பெரியது, தானாக இறங்காது, அறுத்துத்தான் எடுக்க வேண்டும், விழுப்புரத்தில் ஒரு சர்ஜன் இருக்கிறார், போய்ப் பாருங்கள் என்று சொல்லி அனுப்பினார். அம்மா பஸ் ஸ்டாண்டு வரைக்கும் அழுதுகொண்டே வந்தாள். அப்பா எங்களுக்கெல்லாம் கரும்புச் சாறு வாங்கிக் கொடுத்தார்.

3

விழுப்புரத்து சர்ஜனை நான் மறக்க மாட்டேன். ஸ்டேஷன் பக்கத்தில் ஒரு மாடி வீட்டை ஆஸ்பத்திரியாக மாற்றியிருந்தார். ஒல்லியான ஆள், தடித்த கண்ணாடி. கூட்டம் எவ்வளவு இருந்தாலும் ஒருத்தர் பேசி முடிக்கிற வரைக்கும் குறுக்கே பேச மாட்டார். ஞாயிற்றுக்கிழமை மட்டும் கொஞ்சம் தாமதமாக வருவார்.

எக்ஸ்ரேயை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். திருப்பிப் பார்த்தார். பிறகு அப்பாவைப் பார்த்து, வேட்டியைக் கொஞ்சம் இறக்குங்கள் என்றார். கயிற்றில் தொங்கிய தாயத்தைக் கையில் எடுத்து, படத்தில் தெரிந்த வெள்ளையின் மேல் வைத்தார். அளவெடுத்த மாதிரிப் பொருந்தியது. அத்தனை பேர் பார்த்துப் பயந்த பெரிய கல் அதுதான்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. டாக்டர் சிரிக்கவில்லை. தாயத்தை மட்டும் உடம்பை விட்டு வெளியே இழுத்துப் பிடிக்கச் சொல்லி, அங்கேயே இன்னொரு படம் எடுக்க வைத்தார். கரன்ட் இல்லாமல் மதியம் வரைக்கும் காத்திருந்தோம். புதுப் படத்தில் பெரிய கல் மறைந்துவிட்டது. ஆனால் நிஜமான கல் ஒன்று வேறு இடத்தில் இருந்தது. நன்றாகக் கீழே, சிறுநீர்ப் பைக்குக் கொஞ்சம் மேலே, மல்லாட்டைப் பருப்பு அளவுக்கு, மங்கலாக. வலிக்குக் காரணம் இதுதான், இது குழாயை அடைத்துக்கொண்டிருக்கிறது, விட்டால் சிறுநீரகம் வீங்கிக் கெட்டுப்போகும், எடுத்துவிடலாம் என்று பொறுமையாகச் சொன்னார்.

டாக்டர் சொன்னது ஒன்று, அப்பா எடுத்துக்கொண்டது ஒன்று. முதல் படத்தில் கல் பெரியது, மேலே இருந்தது. இரண்டாவது படத்தில் சிறியது, கீழே இறங்கியிருக்கிறது. அப்புறம் என்ன?

"பாத்தீங்களா டாக்டர், தாயத்து கல்லு இருந்த எடத்துக்கே போய் நின்னுக்கினு வேல செஞ்சிருக்குது. இன்னும் கொஞ்ச நாள்ல மிச்சமும் கரைஞ்சிடும்," என்றார்.

உலகத்தில் எந்த டாக்டருக்கும் இங்கே கோபம் வரும். அவர் தலையைச் சாய்த்து யோசித்துவிட்டு, சரி, நிறையத் தண்ணீர் குடியுங்கள், ஆனால் குளிர் ஜுரம் வந்தால் ஒரு நாள்கூட வீட்டில் இருக்கக் கூடாது, நேராக இங்கே வர வேண்டும் என்று மட்டும் சொன்னார். அப்பாவிடம் சொல்லிவிட்டு அம்மாவிடம் தனியாக அதையே மறுபடி சொன்னார். யாரிடம் சொன்னால் நடக்கும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

4

இங்கே நான் கண் விழித்தபோது வேலை முடிந்திருந்தது. வயிற்றில் ஒரு கீறல்கூட இல்லை. வலி பத்துக்கு எத்தனை என்று நர்ஸ் கேட்டாள். பரவாயில்லை என்றேன். பரவாயில்லை என்பது எண் இல்லையாம். மரியாதைக்கு மூன்று என்றேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த யாழினி என் முகத்தைப் பார்த்துவிட்டு, "ஏழுன்னு போடுங்க, எங்க ஆளுங்க இப்படித்தான்," என்று ஜெர்மனில் சொன்னாள். அவள் சொன்ன 'எங்க ஆளுங்க' எனக்குப் பிடித்திருந்தது. அந்தக் கூட்டத்தில் அவளும் இருக்கிறாளா, அல்லது என்னையும் ஊரையும் மட்டும் சொன்னாளா என்று கேட்கவில்லை.

சாயங்காலம் டாக்ஸியில் வீட்டுக்கு வந்துவிட்டேன். ஒரு வாரம் கழித்துக் காப்பீட்டு நிறுவனத்திலிருந்து கடிதம் வந்தது. இந்தக் கல் உங்களுக்கு வேறு யாருடைய தவறினாலாவது ஏற்பட்டதா, ஆமென்றால் அவர் பெயர், முகவரி எழுதவும் என்று கேட்டிருந்தார்கள். முனுசாமி என்று எழுதலாமா என்று ஒரு கணம் பார்த்தேன். ஏற்கனவே நான்தான் முனுசாமி, குழப்பம் அதிகமாகும் என்று விட்டுவிட்டேன்.

5

தாயத்து மிச்சத்தைக் கரைக்கவில்லை. ஒரு நாள் மத்தியானம் அப்பாவுக்குக் குளிர் எடுத்தது. அந்த வெயிலில் இரண்டு போர்வை போதவில்லை. பல் கிட்டித்து நடுங்கினார். அம்மா உடனே பையில் துணியை எடுத்து வைத்தாள். பக்கத்து நிலத்துக்காரருடைய வண்டியைக் கேட்டு வாங்கி திண்டிவனம் வந்து, அங்கிருந்து வாடகைக் கார் பிடித்து விழுப்புரம் போய்ச் சேர்ந்தோம்.

ஊசியிலும் குளுகோஸிலும் சில நாள் வைத்து ஜுரத்தை இறக்கினார் டாக்டர். பிறகு என்னையும் அம்மாவையும் கூப்பிட்டு ஒரு தாளில் வரைந்து காட்டினார். அடிவயிற்றில் இடது பக்கமாகச் சரிவாக ஒரு வெட்டு. தசையை விலக்கிக்கொண்டு பின்பக்கமாகப் போய்க் குழாயைக் கண்டுபிடிக்க வேண்டும். கல் நழுவி மேலே போய்விடாதபடி அதற்கு மேலே ஒரு நாடாவைப் போட்டுப் பிடித்துக்கொண்டு, குழாயை நீளவாக்கில் கொஞ்சமாகக் கீறினால் கல் வந்துவிடும். காலையில் உள்ளே போகும்முன் இன்னொரு படம் எடுப்பேன் என்றார். கல் அங்கேயே இருக்கும் என்று நம்பி வெட்டக் கூடாதாம், அது இடம் மாறுகிற சாதியாம். இந்தத் தடவை தள்ளிப் போட்டால் அந்தச் சிறுநீரகம் மட்டும் இல்லை, ஆளே தங்க மாட்டார் என்பதையும் மறைக்காமல் சொன்னார்.

அப்பா ஒப்புக்கொண்டார். காலையில் படம் எடுத்தார்கள், கல் அங்கேயே இருந்தது. தள்ளுவண்டியில் ஆப்பரேஷன் அறை வாசல் வரைக்கும் போனோம். அங்கே ஸ்டெல்லா என்கிற சிஸ்டர் கத்திரிக்கோலோடு வந்து அரைஞாண் கயிற்றைப் பிடித்தார். முதுகில் மரத்துப்போக ஊசி போடுகிற இடத்திலும், வயிற்றில் வெட்டுகிற இடத்திலும் கயிறு குறுக்கே கிடந்தது. எடுக்காமல் முடியாது.

அப்பா எழுந்து உட்கார்ந்துவிட்டார்.

"இடுப்புல கயிறு இல்லாம படுக்கறது பொணம்தாம்மா. நான் இன்னும் பொணமாவல," என்றார்.

அவர் சண்டைக்குச் சொல்லவில்லை. எங்கள் பக்கம் ஆண்பிள்ளைக்குப் பிறந்த சில நாளில் ஏறுகிற கயிறு, பழசாகி மாற்றும்போதுகூடப் புதுசைக் கட்டிவிட்டுத்தான் பழசை அறுப்பார்கள். அது இல்லாமல் உடம்பு கிடப்பது கடைசிக் குளியலில்தான். ஆப்பரேஷன் என்றாலே திரும்பி வர மாட்டோம் என்று பயந்துகொண்டிருந்த மனிதரிடம், அந்தக் கோலத்தில் உள்ளே வா என்றால் எப்படி வருவார்? அப்பா பயந்து நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

சிஸ்டர் அதட்டிப் பார்த்தார், கெஞ்சியும் பார்த்தார். அம்மாதான் ஒரு வழி சொன்னாள். புதுக் கயிறு வாங்கி மார்பைச் சுற்றிக் கட்டிவிடலாம், அப்புறம் இடுப்புக் கயிற்றை அறுக்கட்டும், உடம்பில் கயிறு இல்லாமல் ஒரு கணம்கூட இருக்காது என்றாள். எதிரே பூஜைச் சாமான் கடைக்கு ஓடிப்போய்க் கறுப்புக் கயிறு வாங்கிக்கொண்டு வந்து கட்டியும் விட்டாள். அப்பா அதைத் தொட்டுப் பார்த்தார்.

"அரையில இருந்தாத்தான் அரைஞாண். மாருல கட்டினா அது செல்லுமா? யாருனா கட்டியிருக்காங்களா?"

கால்களை வண்டியிலிருந்து கீழே தொங்கப் போட்டுவிட்டார். வீட்டுக்குப் போகலாம் என்றார். ஜுரம் மறுபடி வந்தால் என்ன ஆகும் என்று எனக்கும் அம்மாவுக்கும் தெரியும். நான் அவர் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

சத்தம் கேட்டு டாக்டர் பச்சை உடையில் வெளியே வந்தார். சிஸ்டர் விஷயத்தைச் சொன்னார். டாக்டர் அப்பாவைப் பார்த்தார், மார்புக் கயிற்றைப் பார்த்தார். உள்ளே திரும்பிப் போய்விட்டார். கோபித்துக்கொண்டார், இனிமேல் தொட மாட்டார் என்றே எனக்குப் பட்டது. அம்மா அவர் பின்னாலேயே போனாள், காலில் விழப் போகிறாள் என்று நினைத்தேன்.

கொஞ்ச நேரத்தில் அம்மா வந்து என் பக்கத்தில் நின்றாள். பின்னாலேயே டாக்டர் வந்தார். நேராக அப்பாவிடம் போய், பச்சைச் சட்டையைக் கழுத்து வரைக்கும் தூக்கினார். மார்பைச் சுற்றி ஒரு கறுப்புக் கயிறு.

"எனக்கும் மாருலதான் இருக்குது பாருங்க. இந்த ரூமுக்குள்ள போறவங்களுக்கு இதான் எடம். ரெண்டு பேரும் சேந்தே உள்ள போவலாமா?"

அப்பா அவர் மார்பையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கால்களை மேலே தூக்கி, தானாகப் படுத்துக்கொண்டார். இடுப்புக் கயிற்றை டாக்டரே அறுத்து, தாயத்தை அம்மா கையில் கொடுத்தார்.

6

இடுப்புக்குக் கீழே மட்டும் மரத்துப்போக ஊசி போட்டதால் அப்பா உள்ளே முழுக்க விழித்திருந்தார். அதற்குப் பிறகு சாகிற வரைக்கும் அவர் சொன்ன கதைகளில் முதலிடம் இதற்குத்தான். நடுவில் கரன்ட் போய்விட்டதாம். டாக்டர் கையை எடுக்காமல் அப்படியே நின்று, டார்ச் அடிக்கச் சொல்லிவிட்டு, மல்லாட்டை இந்த வருஷம் எப்படி என்று இவரிடம் பேச்சுக் கொடுத்தாராம். பூச்சி விழுந்துவிட்டது என்று இவர் சொல்லிக்கொண்டிருக்கும்போதே கிண்ணத்தில் 'டங்'கென்று ஒரு சத்தம் கேட்டதாம். அதுதான் கல்.

இங்கே என் கல்லைத் தூளாக்கி, குழாய்க்குள் விட்ட சின்னக் கம்பிக் கூடையில் அள்ளினார்கள் என்று யாழினி ரிப்போர்ட்டைப் படித்துச் சொன்னாள். அருமையான வேலைதான், குறை சொல்ல மாட்டேன். ஆனாலும் ஒரு டார்ச் வெளிச்சத்தில், கையின் உணர்வை நம்பி, நூல் மாதிரி இருக்கிற குழாயைத் தேடிப் பிடித்து, கீறி, கல்லை எடுத்து, மறுபடி தைத்த அந்த விரல்களை நினைத்தால் எனக்கு இப்போதும் புல்லரிக்கிறது. அப்பா அந்தச் சிறுநீரகத்தோடு அதற்குப் பிறகு இருபது வருடத்துக்கு மேல் இருந்தார். என்னை விமானம் ஏற்றினார், யாழினியைத் தூக்கிக் கொஞ்சினார், அறுவடை பார்த்தார். ஒரு நாளும் அந்த இடுப்பு வலி வரவில்லை.

யாராவது ஆப்பரேஷனுக்குப் பயந்தால் அப்பா தன் சட்டையைத் தூக்கித் தையல் தழும்பைக் காட்டுவார். "கயித்த மாருக்கு ஏத்திக்கினு போ, ஒண்ணும் ஆவாது. டாக்டருங்களே அப்படித்தான் கட்டிக்கினு இருக்காங்க. நான் கண்ணால பாத்தேன்," என்பார். எங்கள் பக்கத்து ஊர்களில் நாலைந்து பேராவது அப்படி மார்பில் கயிறு கட்டிக்கொண்டு போய் விழுப்புரத்திலும் திண்டிவனத்திலும் படுத்திருக்கிறார்கள்.

7

அம்மா இப்போது தம்பி வீட்டில், திண்டிவனத்தில் இருக்கிறாள். காது கொஞ்சம் மந்தம், மற்றபடி தெளிவு. எனக்கு நடந்ததை அவளிடம் சொல்லாமல் வைத்திருந்து, எல்லாம் முடிந்து உடம்பு தேறிய பிறகுதான் வீடியோவில் சொன்னேன். திட்டினாள், அழுதாள். பிறகு அரைஞாண் கொடியை என்ன செய்தாய் என்று கேட்டாள். கழற்றிப் பெட்டியில் வைத்தேன், வெளியே வந்து போட்டுக்கொண்டேன் என்றேன். அப்பாவாக இருந்தால் விட்டிருக்க மாட்டார், அந்த டாக்டர் மட்டும் தன் மார்பில் இருந்ததைக் காட்டாமல் போயிருந்தால் அன்றைக்கு நம் கதி என்ன என்றேன்.

அம்மா திரும்பி அறையில் யாராவது இருக்கிறார்களா என்று பார்த்தாள்.

"அவருக்கு ஏதுடா கயிறு? அவரு வேதக்காரரு. ஞாயித்துக்கெழமயானா சர்ச்சுக்குப் போய்ட்டுத்தான் ஆஸ்பத்திரிக்கே வருவாரு."

எனக்கு ஒன்றும் புரியவில்லை. அம்மா சொல்லச் சொல்லத்தான் தெரிந்தது. கட்டும்போது அறுந்துவிட்டால் இருக்கட்டும் என்று அன்றைக்கு அவள் கடையில் இரண்டு கயிறு வாங்கியிருந்தாள். அழுதுகொண்டு டாக்டர் பின்னால் போனவளிடம் அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான், இன்னொரு கயிறு இருக்கிறதா என்று. இதை எப்படிக் கட்டுவது என்று கேட்டுத் தெரிந்துகொண்டார். பிறகு சுவர்ப் பக்கம் திரும்பி நின்று, சட்டைக்குள் கையை விட்டு, ஆப்பரேஷனில் போடுகிற முடிச்சாகத் தானே போட்டுக்கொண்டார். முனுசாமிக்கு இது தெரிய வேண்டாம் என்று அவர் சொல்லவில்லை. அம்மாதான் அப்பா உயிரோடு இருந்தவரைக்கும், அதற்குப் பிறகும், வாயைத் திறக்கவில்லை.

அவர் அப்பாவிடம் பொய் சொன்னார் என்றும் சொல்ல முடியாது. மார்பில் இருக்கிறது பாருங்கள் என்றார். இருந்தது.

அவர் ஆப்பரேஷன் முடிந்ததும் கழற்றிப் போட்டிருப்பார், இல்லையா என்று கேட்டேன்.

"நானும் அப்பிடித்தான் நெனச்சேன்," என்றாள் அம்மா. "தையல் பிரிக்கறதுக்கு உங்க அப்பாகிட்ட குனிஞ்சாரு பாரு, அவரு சட்ட மேல ஏறுச்சு. கயிறு இருந்துச்சுடா. எல்லாரும் கட்டற மாரி, இடுப்புக்கு எறக்கிக் கட்டியிருந்தாரு."